மரபுத்தொடருக்கு ஒற்றை வரிப் பொருள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வாரந்தோறும் பத்து ஆங்கில மரபுத்தொடர்கள் வெளிவருகின்றன. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் தமிழில் ஒரு வரிப் பொருள், கீழே அது பிறந்த கதை. எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பகுதியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு நம்பிக்கையோடு படிக்கப்படுவதால்தான் இதை எழுதுகிறேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு வரி உதவும். அதே பிள்ளை நேர்முகத் தேர்வில் பேசும்போதும், வேலையில் சேர்ந்து மின்னஞ்சல் எழுதும்போதும் அந்த ஒரு வரியே காலை வாரிவிடுகிறது.

'கிக் தி பக்கெட்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 'இறந்துபோதல்' என்று போட்டிருக்கும். தவறில்லை. ஆனால் 'இயற்கை எய்தினார்', 'காலமானார்', 'செத்துப்போனான்', 'மண்டையைப் போட்டான்' எல்லாவற்றுக்கும் அதுதானே பொருள்? இவற்றில் எதற்குப் பக்கத்தில் இந்த ஆங்கிலத் தொடர் உட்காரும் என்று சொல்லாதவரை பொருள் சொன்னதாகாது. அது 'மண்டையைப் போட்டான்' ரகம். 1785இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியில் இடம்பெற்ற தொடர் அது, இன்றும் கொச்சைதான். மேலாளரின் தந்தை இறந்ததற்கு ஆறுதல் சொல்லி எழுதும் கடிதத்தில் இதைப் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே 'பாஸ்டு அவே' என்றுதான் எழுத வேண்டும். 'என் பழைய லேப்டாப் ஒருவழியாக மண்டையைப் போட்டுவிட்டது' என்று நண்பரிடம் சொல்வதற்கு 'கிக் தி பக்கெட்' கச்சிதமாகப் பொருந்தும்.

அடுத்தது, தொடரின் கட்டுமானம். பட்டியல்கள் அறவே தொடாத இடம் இது. பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான். 'கிக் தி பக்கெட்' என்பதைச் செயப்பாட்டு வினையாக்கி 'தி பக்கெட் வாஸ் கிக்டு' என்றால், யாரோ வாளியை எட்டி உதைத்தார்கள் என்பது மட்டுமே மிஞ்சும். சாவு காணாமல் போய்விடும். நான்கு பேர் இறந்தாலும் 'பக்கெட்ஸ்' என்று பன்மையாகாது. 'தி' என்பதை எடுத்துவிட்டு 'எ' போடவும் முடியாது. படுக்கையில் கிடப்பவரைப் பற்றி 'ஹீ இஸ் டையிங்' எனலாம்; 'ஹீ இஸ் கிக்கிங் தி பக்கெட்' என்றால் காதுக்கு ஒட்டாது. 'ஸ்பில் தி பீன்ஸ்' அப்படியல்ல. 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்டு' என்று திருப்பிப் போட்டாலும் ரகசியம் வெளியான பொருள் அப்படியே இருக்கும்.

ஒன்று வளைகிறது, மற்றொன்று வளைய மறுக்கிறது. ஏன்? மொழியியலாளர்கள் நன்பெர்க், சாக், வாசோ மூவரும் 1994இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்குகிறது. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்பதில் சிந்துவது வெளிப்படுத்துவதற்கும், பீன்ஸ் ரகசியத்துக்கும் நிற்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளில் ஒரு பங்கு உண்டு. அதனால் சொற்களை இடம் மாற்றலாம். வாளிக்கோ உதைப்பதற்கோ சாவில் தனிப் பங்கு எதுவும் இல்லை. முழுத் தொடரும் ஒரே கட்டியாகத்தான் பொருள் தருகிறது. தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. 'குட்டை உடைத்தான்', 'குட்டு உடைந்தது' இரண்டும் சொல்கிறோம். 'மண்டையைப் போட்டான்' என்கிறோம், 'மண்டை போடப்பட்டது' என்று யாரும் சொல்வதில்லை. வகுப்பில் இந்த இரண்டு தமிழ்த் தொடர்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், இலக்கண விளக்கம் ஏதும் இல்லாமலே பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்.

கட்டுமானத்திலேயே இன்னொரு கண்ணி. அகராதிகள் சில தொடர்களில் 'ஒன்ஸ்' என்றும் சிலவற்றில் 'சம்ஒன்ஸ்' என்றும் அச்சிடுகின்றன. அது ஏதோ அலங்காரம் என்று எண்ணி, பட்டியல் போடுபவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். 'ஒன்ஸ்' என்றால் எழுவாயாக இருப்பவருக்கே உரியது. 'சம்ஒன்ஸ்' என்றால் வேறொருவருடையது. 'லூஸ் ஒன்ஸ் டெம்பர்' என்பதில் கோபப்படுகிறவரும் அந்த 'டெம்ப'ருக்குச் சொந்தக்காரரும் ஒருவரே; எனவே 'ஹீ லாஸ்ட் ஹிஸ் டெம்பர்', 'ஷீ லாஸ்ட் ஹெர் டெம்பர்'. 'கெட் ஆன் சம்ஒன்ஸ் நெர்வ்ஸ்' என்பதில் எரிச்சலூட்டுபவர் ஒருவர், எரிச்சல்படுபவர் வேறொருவர். 'ஹீ கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்'. இந்தக் குறிப்பு இல்லாததால்தான் விடைத்தாள்களில் 'ஹீ லாஸ்ட் ஒன்ஸ் டெம்பர்' என்று அகராதி வடிவத்தையே அப்படியே இறக்கிவைக்கிறார்கள். 'ஒன்ஸ்' என்பது நிரப்ப வேண்டிய காலியிடம் என்று ஒரு வரி சேர்த்தால் இந்தப் பிழை நின்றுவிடும்.

தமிழில் அச்சாக அப்படியே இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றும் தொடர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்பதைக் 'காலை வாருதல்' என்று போடும் பட்டியல்கள் உண்டு. நம்பியவரைக் கவிழ்த்துவிடுவதுதான் தமிழில் காலை வாருவது, துரோகம். ஆங்கிலத்தில் அது வெறும் கிண்டல். பொய்யை நிஜம்போலச் சொல்லிக் கலாய்ப்பது. 'யூ ஆர் புல்லிங் மை லெக்' என்பது சிரித்துக்கொண்டே சொல்லும் வாக்கியம். மேலாளர் நட்பாக அப்படிச் சொன்னதை, துரோகக் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டு ஒருவர் விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தால் பழி பட்டியலுக்குத்தான்.

'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்' என்பதும் அப்படித்தான். தண்ணீரை விட்டு எடுத்த மீன் என்றால் நமக்குத் துடிப்பு, தவிப்பு, உயிர் போகும் வேதனை. ஆங்கிலத்தில் அவ்வளவு கனம் இல்லை. பழக்கமில்லாத இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நெளிவது, அவ்வளவே. கோட்டு சூட்டுக்காரர்கள் நிறைந்த விருந்துக்கு வேட்டியில் போனவர் அப்படி உணரலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தத் தொடர் ஆகாது. 'கெட் கோல்டு ஃபீட்' என்பதைப் 'பயத்தில் கைகால் சில்லிடுதல்' என்று போடுவது பாதிதான் சரி. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து கடைசி நேரத்தில் தைரியம் போய்ப் பின்வாங்கும்போது மட்டுமே அதைச் சொல்வார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கு வரலாம். பாம்பைக் கண்டவருக்கு வராது. இதற்கு மாறாக 'ஃபிஷ் இன் டிரபிள்டு வாட்டர்ஸ்' அப்படியே 'குழம்பிய குட்டையில் மீன் பிடித்தல்'தான். எது முழுதாகப் பொருந்தும், எது பாதி பொருந்தும், எது நேர்மாறு என்று சொல்லிவிடுவதுதான் தமிழ் இதழ் ஒன்று செய்யக்கூடிய தனிப் பணி. ஆங்கிலத்தில் அச்சாகும் அகராதிகளால் அதைச் செய்ய முடியாது.

அளவு என்று ஒன்றும் இருக்கிறது. 'அண்டர் தி வெதர்' என்றால் உடம்பு சரியில்லை; ஆனால் சளி, லேசான காய்ச்சல், தலைபாரம் போன்ற இரண்டு நாள் உபாதைக்குத்தான். அறுவைச் சிகிச்சைக்கு விடுப்புக் கேட்கும்போது அதை எழுதினால் விஷயத்தைச் சிறுசாக்கியதாகும். 'பிரேக் எ லெக்' மேடையேறுபவருக்குச் சொல்லும் வாழ்த்து. நாடகம், கச்சேரி, அதிகம் போனால் மேடைப் பேச்சு. எலும்பு முறிவு சிகிச்சைக்குப் போகிறவரிடம் சொல்லிவிடக் கூடாது.

பிரிட்டன் வழக்கும் அமெரிக்க வழக்கும் பிரியும் இடங்களைத் தங்கள் பட்டியல் குறிப்பதே இல்லை. அற்ப விஷயத்துக்குப் பெரிய அமளி என்றால் பிரிட்டனில் தேநீர்க் கோப்பையில் புயல் வரும், 'ஸ்டார்ம் இன் எ டீகப்'. அமெரிக்காவில் அது 'டெம்பெஸ்ட் இன் எ டீபாட்'. குடும்ப ரகசியமான எலும்புக்கூடு பிரிட்டனில் 'கப்போர்டு'க்குள், அமெரிக்காவில் 'குளோசெட்'டுக்குள். கண் படக்கூடாது என்று பிரிட்டிஷார் 'டச் வுட்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'நாக் ஆன் வுட்' என்பார்கள். நாம் தம்பட்டம் அடிக்கிறோம். பிரிட்டிஷார் 'டிரம்பெட்' ஊதுகிறார்கள், அமெரிக்கர்கள் 'ஹார்ன்' ஊதுகிறார்கள். இவற்றில் எதைச் சொன்னாலும் புரியும். ஒரே கட்டுரையில் இரண்டு வழக்கையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் 'டேபிள்' என்ற வினை ஆபத்தானது. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது; அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் காரசாரமாக மோதிக்கொண்டதை சர்ச்சில் பதிவு செய்திருக்கிறார். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசும் நம் ஐ.டி. ஊழியர்களுக்கு இது இன்றைக்கும் தேவைப்படும் தகவல். இந்திய ஆங்கிலத்துக்கே உரியவையும் பட்டியலில் எந்தக் குறிப்பும் இல்லாமல் நுழைந்துவிடுகின்றன. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' வெளிநாட்டாருக்கு விளங்காது. 'அவுட் ஆஃப் டவுன்' என்றால் விளங்கும். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று அமெரிக்க நிறுவனத்தின் நேர்காணலில் சொன்னால், 2019இல் மயங்கி விழுந்தேன் என்று பொருள். 'கிராஜுவேட்டட்' என்பதே பாதுகாப்பு.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்குமான ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பேச்சுத் தேர்வின் ஏழாம் நிலை மதிப்பெண் வரையறையில் 'இடியமேட்டிக்' சொல்லாட்சி என்ற சொல் வருகிறது. இதைப் பார்த்துவிட்டு, பதிலுக்கு ஐந்து மரபுத்தொடர் திணிக்கச் சொல்லும் பயிற்சி மையங்கள் பெருகிவிட்டன. ஆங்கிலம் பேசுபவர்கள் இயல்பாகச் சேர்த்துச் சொல்லும் சொற்சேர்க்கைகளும் அந்த வரையறைக்குள் அடக்கம். நடை அறிந்து பயன்படுத்துவதும் அதே வரியில் இருக்கிறது. மழையைப் பற்றிக் கேட்டதும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று சொல்லும் பிள்ளை, மனப்பாடம் செய்து வந்ததைத்தான் காட்டிக்கொடுக்கிறது. இன்றைய பிரிட்டிஷார் வாயில் அந்தத் தொடர் அபூர்வம். 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' என்பார்கள். நாற்பது நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டிய கட்டுரையிலோ, கொச்சையான தொடர் மதிப்பெண்ணைக் குறைக்கவே செய்யும். 'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ண்டு', 'பர்ன் தி மிட்நைட் ஆயில்' இரண்டும் நம் ஊர்க் கட்டுரைகளில் தேய்ந்தே போய்விட்டன. திருத்துபவரின் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும்.

இனி, பிறந்த கதைகள். வாசகர்கள் மிகவும் ரசிக்கும் பகுதி இதுதான் என்பது தெரியும். தவறுகள் மலிந்திருப்பதும் இதில்தான். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற தொடருக்குக் கூரைக் கதை வெளியாகியிருந்தது: அந்தக் காலத்தில் பூனையும் நாயும் கூரை வேய்ந்த வைக்கோலில் படுத்திருக்கும், மழை பெய்தால் வழுக்கி விழும் என்று. இது 1999இல் மின்னஞ்சல் வழியாக உலகெங்கும் சுற்றிய கட்டுக்கதை. கிடைக்கும் சான்று வேறு. 1650களில் ரிச்சர்டு புரோமின் நாடகம் ஒன்றில் நாயும் மரநாய் இனமும் மழையாகப் பொழிவதாக ஒரு வரி. 1738இல் ஜொனாதன் ஸ்விஃப்டின் உரையாடல் தொகுப்பில் பூனையும் நாயும். ஏன் இந்த விலங்குகள் என்பதற்கு உறுதியான விடை கிடையாது.

'ரூல் ஆஃப் தம்ப்' கதை இன்னும் மோசம். கட்டைவிரல் பருமனுக்கு மிகாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலேயச் சட்டம் இருந்ததாம். அப்படி ஒரு சட்டம் இருந்ததே இல்லை. நீதிபதி பிரான்சிஸ் புல்லர் அப்படிக் கருத்துச் சொன்னதாகப் பேச்சு எழுந்து, 1782இல் ஜேம்ஸ் கில்ரே அவரைக் கேலிச்சித்திரம் வரைந்தது உண்மை. ஆனால் அந்தத் தொடர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அச்சில் வந்துவிட்டது. கைக்கணக்கு, உத்தேச அளவு என்ற இன்றைய பொருளில்தான்.

'தி ஹோல் நைன் யார்ட்ஸ்', அதாவது மிச்சம் வைக்காமல் முழுவதும், என்பதற்கு விமானத் துப்பாக்கியின் தோட்டா வார் ஒன்பது கஜ நீளம் என்று ஒரு கதை, கான்கிரீட் லாரியின் கொள்ளளவு என்று இன்னொன்று, நம் மடிசார்ப் புடவை என்றுகூட ஒன்று. அமெரிக்காவின் இண்டியானா மாநில உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் 1907இலேயே ஒன்பது கஜம் வருகிறது. 1912இல் கென்டக்கியில் 'ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்', ஆறு கஜம். எண்ணே நிலையாக இல்லாதபோது, ஒன்பதை நம்பி எழுப்பிய கதைகள் எல்லாம் சரிந்துவிடுகின்றன. உலகப் போர்த் தோட்டா வார்க் கதைக்குக் காலக்கணக்கும் ஒத்துவரவில்லை. ஒரு கதையைச் சோதிக்க இந்த இரண்டு கேள்விகளே பெரும்பாலும் போதும்: தொடர் முதலில் அச்சேறிய ஆண்டு எது, அப்போது அதன் சொற்கள் எப்படி இருந்தன.

சான்றுள்ள கதைகள் இல்லாமலில்லை. அவற்றைத் தாராளமாகப் போடுங்கள். பிறருக்குச் சேர வேண்டிய பாராட்டைத் தட்டிப் பறிக்கும் 'ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்' என்பது லண்டன் டுரூரி லேன் அரங்கில் பிறந்தது. 1709இல் ஜான் டென்னிஸ் தன் நாடகத்துக்காக இடியோசை எழுப்பும் புது உத்தி ஒன்றைச் செய்தார். நாடகம் ஓடவில்லை, சில நாளில் அதே அரங்கில் நடந்த 'மேக்பெத்'தில் அவருடைய இடி முழங்கியது. என் இடியைத் திருடிவிட்டார்கள் என்று அவர் கொதித்ததாகப் பதிவு இருக்கிறது. பாய்மரக் கப்பலிலிருந்து வந்த தொடர்களும் நம்பகமானவை. அவற்றின் பிறப்பு தெரிந்தால் இலக்கணமும் புரியும். எதிர்க்காற்று பாயின் முன்பக்கம் மோதிப் பாயைப் பாய்மரத்தோடு அழுத்த, கப்பல் திடுமென நின்றுபோவதுதான், இன்று திகைத்துப்போவதைக் குறிக்கும் 'டேக்கன் அபேக்'. காற்றிடம் மாட்டிக்கொள்வது கப்பல் என்பதால், அது பெரும்பாலும் 'ஐ வாஸ் டேக்கன் அபேக்' என்று செயப்பாட்டு வினையிலேயே வருகிறது. மூக்குமுட்டக் குடித்தவரைக் குறிக்கும் 'திரீ ஷீட்ஸ் டு தி விண்ட்' என்பதில் 'ஷீட்' என்பது பாய் அல்ல, பாயின் கீழ் மூலையை இழுத்துக் கட்டும் கயிறு. மூன்று கயிறும் அவிழ்ந்தால் பாய் படபடத்துக் கப்பல் தள்ளாடும்.

செய்திப் பக்கங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏஜென்சிச் செய்தியில் வரும் தொடர்கள் சொல்லுக்குச் சொல் தமிழாகின்றன. 'புகையும் துப்பாக்கி கிடைத்தது' என்று படிப்பவர் யார் யாரைச் சுட்டார் என்று தேடுவார். 'ஸ்மோக்கிங் கன்' என்றால் மறுக்க முடியாத ஆதாரம். 1974 ஆகஸ்ட் 5 அன்று வெளியாகி அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த ஒலிநாடாவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. 'கங்காரு நீதிமன்றம்' எதற்கு? கட்டப்பஞ்சாயத்து என்று நம்மிடமே சொல் இருக்கிறது. 'நொண்டி வாத்து அதிபர்' என்பதைவிட, பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருக்கும் அதிபர் என்பது நீளமானாலும் விளங்கும். 'அறைக்குள் யானை' என்பதற்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் போட்டுவிடவும் கூடாது. அதில் மறைப்பவர் ஒருவர் இருக்கிறார், இதில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்திறப்பதில்லை. குதிரை பேரம், வெள்ளை யானை, சிவப்பு நாடா போன்றவை தமிழாகவே ஆகிவிட்டன, அவை இருக்கட்டும்.

என் கோரிக்கையை ஒரு மாதிரியோடு வைக்கிறேன். 'பைட் தி புல்லட்' என்பதை இப்படி அச்சிடலாம்:

தவிர்க்க முடியாத, பிடிக்காத ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டது போதும் என்று துணிந்து செய்துவிடுதல். இறந்தகாலம் 'பிட் தி புல்லட்'. 'ஹேட் டு', 'டிசைடட் டு', 'ஃபைனலி' ஆகியவற்றோடு அடிக்கடி வரும். பேச்சிலும் நாளிதழிலும் புழங்கும், கொச்சை அல்ல. நஷ்டத்தில் ஓடும் கடையை மூடுவது, வலிக்கும் பல்லைப் பிடுங்கிக்கொள்வது இவற்றுக்குப் பொருந்தும். எதிர்பாராத விபத்தில் அடிபட்டவருக்குப் பொருந்தாது, அவர் எதையும் முடிவு செய்யவில்லை. தமிழில் 'பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது' நெருங்கி வரும். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பொறுத்திருக்கலாம், 'பைட் தி புல்லட்' ஒரு முடிவெடுக்கும் தருணம். சவுக்கடி வாங்கும் படைவீரர்கள் கத்தாமலிருக்கத் தோட்டாவை மென்றதாக குரோஸ் அகராதியின் 1796 பதிப்பு சொல்கிறது. எனவே 1857 சிப்பாய்க் கலகத் தோட்டா உறையிலிருந்து வந்தது என்பது சரியல்ல.

இந்த அளவுக்கு எழுதினால் வாரம் பத்துத் தொடருக்கு இடமிருக்காது, மூன்று போதும். ஆண்டுக்கு 150க்கு மேல் வந்துவிடும், தேர்வுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பிறந்த கதைக்குச் சான்று கிடைக்காத வாரத்தில் அந்த இடத்தில் இன்னும் இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் போடுங்கள். ஏற்கெனவே வெளிவந்தவற்றில் 'காலை வாருதல்', கட்டைவிரல் சட்டம், கூரைப் பூனை இந்த மூன்றுக்கும் அடுத்த இணைப்பிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். பிள்ளைகள் ஒட்டிவைத்த நோட்டில் அவை இன்னும் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி.